தங்கை நவகன்னியர் இல்லத்தில் இருக்கிறாள், கிறிஸ்மஸுக்கு அங்கே என்னதான் நடக்கும்?

கடலோர அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை ஒரு கன்னியர் சபையில் சேர்ந்து, கேண்டிடேட், போஸ்டுலன்ட் என்கிற ஆரம்பப் படிகள் எல்லாம் தாண்டி இந்த மே மாதம் நவகன்னியர் இல்லத்துக்குள், அதாவது சிஸ்டராவதற்கு முந்தின பயிற்சி வீட்டுக்குள் போய்விட்டாள். திருச்சிப் பக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். போன வருடம் வரைக்கும் கிறிஸ்மஸ் முடிந்த கையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள், அதனால் எங்களுக்கு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. இந்த வருடம் அனுப்ப முடியாது, போன் கிடையாது, வேண்டுமானால் கடிதம் போடுங்கள் என்று நவகன்னியர் பொறுப்பு சிஸ்டர் சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார், குறை சொல்லவில்லை.

ஆனால் அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்க உட்கார்ந்தவர் பாதியில் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா பிள்ளை அங்க முழங்கால்லயே இருக்குமா, ஒரு வாய் பலகாரமாவது குடுப்பாங்களா" என்று ஒரே புலம்பல். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். பங்கில் சிஸ்டர்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், பூசைக்கு வருவார்கள், பாட்டு சொல்லித்தருவார்கள், கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். அதற்கப்புறம் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மடத்தில் பண்டிகையை எப்படிக் கொண்டாடுவார்கள், சந்தோஷமாக இருக்க விடுவார்களா, நாங்கள் போய்ப் பார்க்கலாமா, ஏதாவது கொடுத்தனுப்பினால் அவள் கைக்குப் போகுமா? தெரிந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

நைட் டூட்டி:

அக்கா, முதலில் அம்மாவிடம் பலகாரக் கவலையை விடச் சொல்லுங்கள். நான் நர்ஸ், வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிஸ்டர்கள் நடத்துகிற பெண்கள் விடுதியில் இருந்தேன். ஒரு கிறிஸ்மஸுக்கு லீவு கிடைக்காமல் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிட்டது, அதனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தேன்.

டிசம்பர் பாதியிலேயே சமையலறையில் எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். கல்கல் உருட்ட ஒரு மேசை முழுக்க ஆள். புதுச் சீப்பு வாங்கி அதன் முதுகில்தான் மாவை வைத்து உருட்டுவார்கள். அச்சுமுறுக்கு மட்டும் ஒரு வயதான சிஸ்டரின் தனி ராஜ்ஜியம், வேறு யாரையும் கிட்டவே விடமாட்டார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால் உயரத்துக்கு மட்டும் முக்கி எடுக்க வேண்டும், மாவு மேல் விளிம்பைத் தாண்டி ஏறிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது, குச்சியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனக்கு ஒருமுறை அச்சைக் கொடுத்துவிட்டு, நான் முக்கின வேகத்தைப் பார்த்து உடனே பிடுங்கிக்கொண்டார். இவ்வளவும் நடக்கும்போதே ஒரு பக்கம் ஜெபமாலை ஓடிக்கொண்டிருக்கும். "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டே "அடுப்பைக் குறை" என்று சைகை காட்டுவார், இரண்டும் தடைபடாது.

செய்கிறதில் பெரும்பகுதி வெளியேதான் போகும், அதையும் சொல்ல வேண்டும். வாட்ச்மேன், தபால்காரர், பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளிக்கூட ஆயாக்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டலம் கட்டி மேலே பெயர் எழுதி வைத்திருப்பார்கள்.

24ஆம் தேதி அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பீட ஜோடனை, குடில், பாட்டுக்குழு ஒத்திகை, சின்னப் பிள்ளைகளுக்குச் சம்மனசு இறக்கை ஒட்டுவது, சாமியார் உடுப்புக்கு இஸ்திரி, எல்லாம் அவர்கள் தலையில்தான். நள்ளிரவுப் பூசை முடிந்து குழந்தை இயேசு சுரூபத்தை முத்தமிட நிற்கிற வரிசை கரைந்து அவர்கள் மடத்துக்குத் திரும்பும்போது மணி இரண்டுக்கு மேல். நேரே போய்ப் படுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. பொது அறையில் விளக்கைப் போட்டு, சுக்குக் காபி, கேக், அப்புறம் கிறிஸ்மாம் கிறிஸ்சைல்ட் யார் யார் என்று உடைக்கிற கூத்து. சீட்டுக் குலுக்கிப் போட்டு, யார் பெயர் வந்ததோ அவருக்கு டிசம்பர் முழுக்கத் தெரியாமல் ஏதாவது நல்லது செய்துகொண்டே இருப்பது. கல்லூரிகளில் நாமும் விளையாடியதுதான், ஆனால் அங்கே பரிசு காசு போட்டு வாங்கக் கூடாது. தனக்குத் துணி மடித்து வைத்தது யார் என்று ஒரு சிஸ்டர் கடைசிவரை கண்டுபிடிக்காமல், அது மடத்துத் தலைவியான மதரே என்று தெரிந்ததும் அந்த ராத்திரியில் போட்ட சத்தத்துக்கு எங்கள் விடுதிப் பிள்ளைகள் எழுந்து வந்துவிட்டார்கள்.

பாளை அண்ணன்:

என் அக்கா முப்பது வருடத்துக்கு மேல் சிஸ்டராக இருக்கிறார், அதனால் உங்கள் அம்மா படுகிற பாட்டை என் அம்மா பட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஏன் வீட்டுக்கு விடவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வருத்தம் குறையும். அது அந்த மதரின் கண்டிப்பு இல்லை, திருச்சபைச் சட்டம். நவசந்நியாசம், அதாவது நவகன்னியராக இருக்கிற பயிற்சிக் காலம், குறைந்தது 12 மாதம் முழுதாக இருக்க வேண்டும், அதுவும் அதற்கென்று குறித்த இல்லத்திலேயே. சேர்ந்தாற்போலவோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நவசந்நியாசமே செல்லாது. 15 நாளுக்கு மேல் போனால் போன நாளை ஈடு கட்ட வேண்டும். இரண்டு நாள் விட்டால் குடிமுழுகாதுதான், ஆனால் அந்த வருடத்தை முடிந்தவரை உடையாமல் வைக்கத்தான் எல்லா சபைகளும் பார்க்கும். தங்கை அடுத்து முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்துவிட்டால் நிலைமை மாறும், வீட்டு விடுமுறை என்று வருடத்தில் கொஞ்ச நாள் கொடுப்பார்கள். எவ்வளவு நாள் என்பது சபைக்குச் சபை வேறு.

ஆனால் ஒன்று, அப்போதும் கிறிஸ்மஸ் அன்றைக்கு வருவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் அக்கா இத்தனை வருடத்தில் 25ஆம் தேதி எங்கள் வீட்டில் சாப்பிட்டதே கிடையாது. பங்கில் பெரிய வேலை இருக்கிற நாள் அது. அவர்களுடைய கிறிஸ்மஸ் நமக்கெல்லாம் முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் 30ஆம் தேதி வாக்கில் ஒரு ஆடு அடித்து அதையே கிறிஸ்மஸ் என்று பழக்கிக்கொண்டோம்.

இன்னொரு சிஸ்டர்:

அக்கா, நானும் ஒரு சிஸ்டர். பிரான்சிஸ்கன் குடும்பத்துச் சபை, அதற்கு மேல் கேட்காதீர்கள். ஸ்டாஃப் ரூமில் பேப்பர் திருத்துகிற சாக்கில் எழுதுகிறேன்.

பாளை அண்ணன் சொன்னது சரி. ஆனால் உங்கள் தங்கை இருக்கிற நவகன்னியர் இல்லம் பங்கு மடம் மாதிரி ஓடாது, அங்கே வேலை குறைவு, ஆள் அதிகம், அதுவும் எல்லாம் இளவட்டம். ஒரு சிஸ்டரின் வாழ்க்கையில் இவ்வளவு நிறைவாகப் பண்டிகை கொண்டாடுகிற காலம் வேறு வராது என்று நானே சொல்வேன். பங்கில் மூன்று பேராக இருந்து பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே வீடு மாறிவிடும். பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுதிரி, மூன்று ஊதா, ஒன்று ரோஸ், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவோம், ரோஸ் நிறம் மூன்றாவது ஞாயிறுக்கு. குடிலில் தொட்டில் காலியாக இருக்கும், பக்கத்தில் ஒரு கூடை வைக்கோல். யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னத் தியாகம் செய்தால் ஒரு வைக்கோல் எடுத்துத் தொட்டிலில் போடலாம். எங்கள் செட்டில் ஒருத்தி கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டு, "சர்க்கரை இல்லாமல் காபி குடித்தேன், அது ஒரு கட்டுக்குச் சமம்" என்றாள். 16ஆம் தேதி நவநாள் ஆரம்பம். பள்ளிக்கூடத்தில் அதற்குள் கிறிஸ்மஸ் விழா எல்லாம் முடிந்து கேக்கும் வெட்டியாகிவிடும், ஆனால் எங்கள் சிற்றாலயத்தில் 24 இரவு வரை ஒரு கிறிஸ்மஸ் பாட்டு பாடக் கூடாது. மதர் ரொம்பக் கறார். குளியலறையில் முணுமுணுத்தால்கூட வெளியே நின்று இருமுவார்.

குடில் கட்டுவது எங்களுக்குக் கொஞ்சம் மானப்பிரச்சினை. அசிசி பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் உண்மையான மாடு, கழுதை, வைக்கோல் தொட்டி வைத்து நள்ளிரவுப் பூசைக்கு ஏற்பாடு செய்தார், குடில் வைக்கிற வழக்கம் உலகமெங்கும் பரவியதற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்கள். 2023இல் அதன் 800ஆம் ஆண்டை நாங்கள் ஒரு கொண்டாட்டு கொண்டாடினோம். அதனால் பிரான்சிஸ்கன் மடத்தில் குடில் சுமாராக இருந்தால் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

சாப்பாட்டு விஷயம். நவகன்னியர் இல்லத்தில் பல நேரம் சாப்பாடு மௌனத்தில்தான், ஒருவர் புனிதர் வரலாறு வாசிப்பார், மற்றவர்கள் சாப்பிடுவார்கள். பண்டிகை என்றால் மதர் மணியை ஒரு தட்டு தட்டி "ஆண்டவரைப் போற்றுவோம்" என்பார், "இறைவனுக்கு நன்றி" என்று எல்லோரும் ஒரே மூச்சில் கத்துவோம், அதோடு வாய்ப்பூட்டு கழன்றது. வெளியே இருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. நாள் முழுக்கப் பேச்சை அடக்கிப் பழகுகிற இருபது வயதுப் பெண்களுக்கு, காலை இட்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேசலாம் என்பது பிரியாணியைவிடப் பெரியது. பிரியாணியும் உண்டு, அம்மாவிடம் சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த நாள் 25 இல்லை, 28. மாசில்லாக் குழந்தைகள் திருவிழா, ஏரோது கொன்ற பச்சைப் பிள்ளைகளின் நினைவு நாள். அன்றைக்கு வீட்டிலேயே இளையவள் மதர் நாற்காலியில் உட்காருவாள், ஒரு நாள் முழுக்க அவள் சொல்வதுதான் சட்டம். ஐரோப்பிய மடங்களில் பழங்காலத்திலிருந்து வருகிற வழக்கம், நம் ஊரிலும் பல சபைகளில் உண்டு. எங்கள் செட்டில் அந்த "மதர்" முதல் உத்தரவாக வகுப்பை ரத்து செய்தாள், இரண்டாவதாக நிஜ மதரைப் பாத்திரம் கழுவ அனுப்பினாள், மூன்றாவதாக மதிய ஓய்வை இரண்டு மணி நேரமாக்கினாள். நிஜ மதர் எந்த முகச்சுளிப்பும் இல்லாமல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டாவைத் தேய்த்தார். சாயங்காலம் நாடகம். அதில் மதர் நடப்பது, இருமுவது, கண்ணாடியைத் துடைப்பது எல்லாம் நடித்துக்காட்டப்பட்டது. உங்கள் தங்கைக்கு நடிப்பு வருமானால் இந்த வருடம் அவள்தான்.

இதெல்லாம் ஏதோ இந்தக் காலத்துத் தளர்வு என்று பெரியவர்கள் சிலர் நினைக்கிறார்கள். ஸ்பெயின் நாட்டுப் புனிதை அவிலா தெரசம்மாள் 1562இல் சூசையப்பர் மடத்தைத் தொடங்கியபோதே, அவ்வளவு கடுமையான தவ வாழ்வுக்கு நடுவில், சகோதரிகள் கூடிப் பேசிச் சிரிக்க ஒரு நேரத்தைக் கட்டாயமாக வைத்தார். பண்டிகை நாளில் அவரே கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு பாடி ஆடுவார். லிசியூ சிறுமலர் தெரசா தன் மடத்துப் பண்டிகைகளுக்கென்று எட்டு நாடகங்கள் எழுதினார், அதில் ஜோன் ஆஃப் ஆர்க்காக வேடம் கட்டி நின்ற போட்டோகூட இருக்கிறது. 1897இல் 24 வயதில் இறந்தவர். கார்மல் மடம், வெளியே ஒரு அடி வைக்க முடியாத இடம், அங்கேயே இவ்வளவு.

மற்றப் பண்டிகைகளையும் சொல்லிவிடுகிறேன், அம்மா வருடம் முழுக்கக் கவலைப்படாமல் இருக்கட்டும். பிறந்தநாளைவிடப் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்குத்தான் பல மடங்களில் மரியாதை. பிப்ரவரி 2 துறவறத்தாருக்கான நாள், போப் இரண்டாம் யோவான் பவுல் 1997இலிருந்து அப்படி வைத்தார், அன்றைக்கு மறைமாவட்டத்தில் எல்லா சபைக்காரர்களும் ஒன்றுகூடுவோம். சபை தொடங்கிய நாள், வெள்ளிவிழா, பொன்விழா, இவை எங்களுக்கு உங்கள் வீட்டுக் கல்யாணம்தான். ஆகஸ்ட் 15 காலையில் கொடியேற்றமும் உண்டு, மாதாவின் விண்ணேற்புப் பூசையும் உண்டு. எங்களுக்கு அக்டோபர் 4 பெரிய நாள், முந்தின சாயங்காலம் பிரான்சிஸ் இறந்த நேரத்தை நினைத்து விளக்கைக் குறைத்துச் செபிப்போம், மறுநாள் விருந்து. சலேசிய சகோதரிகளிடம் நன்றி விழா என்று ஒன்று இருக்கிறது, தங்கள் தலைமைச் சகோதரிக்கு நன்றி சொல்வதற்கென்றே ஒரு நாள்.

பெரிய வெள்ளி வேறு கதை. கஞ்சி, மௌனம், மூடின சுரூபங்கள், சிலுவைப்பாதை. மணிகூட அடிக்கமாட்டோம், மரக்கட்டையைத் தட்டுவோம். ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்காத் திருவிழிப்பில் அல்லேலூயா திரும்ப வரும்போது தொண்டை அடைக்கும். அடுத்த திங்கட்கிழமை எம்மாவு நடை என்று சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவோம். ஒருமுறை அணைக்கட்டுக்குப் போனோம், திரும்பும்போது பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை, ஏன் என்று இங்கே சொல்ல முடியாது.

வெளியே வந்தவள்:

சிஸ்டர் எழுதியது எல்லாம் உண்மை, நானும் அந்த வைக்கோல் கூடையைப் பார்த்தவள்தான். வார்த்தைப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன், யாரோடும் சண்டை இல்லை. ஆனால் அக்கா உள்ளது உள்ளபடி கேட்டதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

காலையும் இரவும் ஆட்டம் பாட்டமாகப் போய்விடும். கஷ்டமான நேரம் 25 மத்தியானம். விருந்து முடிந்து ஓய்வுக்கு மணி அடித்து அவரவர் கட்டிலுக்குப் போன பிறகு, தெருவில் யாரோ வீட்டு ஸ்பீக்கர் சத்தம் மட்டும் கேட்கும். அப்போது வீட்டில் யார் வந்திருப்பார்கள், அத்தை பிள்ளைகள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்றெல்லாம் ஓடும். பக்கத்துக் கட்டிலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டால் கேட்காத மாதிரி இருந்துவிடுவோம், அதுதான் அங்கே நாகரிகம். நாலு மணிக்கு டீக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

கொடுத்தனுப்புகிற பொருள்: அவள் கைக்கு மட்டும் போகும் என்று நினைத்து அனுப்பாதீர்கள். வந்த பார்சல் எல்லாவற்றையும் எங்கள் இல்லத்தில் ஒரே மேசையில் பிரித்து வைத்துப் பங்கு போடுவார்கள். எங்கள் அம்மா இரண்டு நாள் பாகு பதம் பார்த்துச் சுட்ட அதிரசம் எல்லோர் தட்டிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருந்தது, எனக்கும் ஒன்றே ஒன்று. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. ஆனால் இப்போது யோசித்தால், பெரிய டப்பா டப்பாவாகச் சாக்லேட் வந்த பிள்ளைக்கும், வீட்டிலிருந்து ஒன்றுமே வராத ஒடிசா பிள்ளைக்கும் தட்டில் ஒரே மாதிரி இருந்தது, அதை வேறு எப்படிச் செய்திருக்க முடியும் என்று தெரியவில்லை.

பொறுப்பாளரைப் பொறுத்தும் நிறைய மாறும். நான் இருந்த ஒரு வீட்டில் வந்த கடிதங்களைத் திருவருகைக் காலம் முடியட்டும் என்று எடுத்து வைத்து, அப்புறம் ஜனவரி முதல் வாரத்தில் வருகிற மூன்று அரசர் திருநாள் தாண்டட்டும் என்று வைத்து, என் வீட்டுக் கிறிஸ்மஸ் அட்டை பொங்கலுக்குத்தான் வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் வேறு சிஸ்டர் பொறுப்புக்கு வந்தார், அவர் தபால் வந்த அன்றே கொடுத்தார். அதனால் கடிதத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

கணக்கு டீச்சர்:

நான் கிறிஸ்தவள் இல்லை. ஒரு கன்வென்ட் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே நவகன்னியர் இல்லம். இங்கே யாரும் பொங்கலைச் சொல்லவில்லையே என்றுதான் எழுத வந்தேன்.

பொங்கலன்று அவர்கள் முற்றத்தில் கல்லடுப்பு கூட்டி, கோலம் போட்டு, கோலத்தின் நடுவில் சிலுவை வரைந்து, மண்பானையில் பொங்கல் வைப்பார்கள். பூசையில் நெல்லும் கரும்பும் காணிக்கையாகப் போகும். ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று அவர்கள் போடுகிற சத்தத்துக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க முடியாது. அப்புறம் அந்த ஜார்க்கண்ட் பிள்ளைகள் கை கோத்து வரிசையாக நின்று தங்கள் ஊர் ஆட்டத்தை ஆரம்பிப்பார்கள், நம் பிள்ளைகள் நடுவில் புகுந்து காலை மாற்றி வைத்து மொத்த வரிசையையும் கவிழ்ப்பார்கள். கேரளத்துப் பிள்ளைகள் இருந்தால் ஓணத்துக்குப் பூக்களமும் உண்டு. தீபாவளிக்கு நாங்கள் டீச்சர்கள் கொண்டுபோகிற பலகாரத்துக்கு, கிறிஸ்மஸுக்கு அதே டப்பாவில் கேக் திரும்பி வரும். காலி டப்பாவாகத் திருப்பித் தரக் கூடாது என்கிற கணக்கு அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

சும்மா ஒரு கேள்வி:

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் பிரியாணி, கேக், பிக்னிக் என்று செலவு செய்வது சரியா?

இன்னொரு சிஸ்டர்:

தப்பாக எடுக்கவில்லை, நல்ல கேள்விதான். சம்பளம் வாங்கினாலும் அது பொதுவுக்குப் போய்விடும், என் பெயரில் ஒன்றும் இருக்காது. பண்டிகைக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்குவார்கள், அதற்குள்தான். கேக் பாதிக்கு மேல் பள்ளிப் பெற்றோரும் பங்கு மக்களும் கொண்டுவந்து கொடுப்பது. எங்கள் கிறிஸ்மாம் பரிசு பழைய காலண்டர் அட்டையில் செய்த புக்மார்க், ஊசி நூல் டப்பா, இப்படித்தான். மூன்று பேர் இருக்கிற கிராமத்து மடத்தில் பல வருடம் கிறிஸ்மஸ் மதியச் சாப்பாடு பங்கு மக்கள் யாராவது தூக்கில் கொண்டுவந்து கொடுத்ததுதான், எங்களுக்குச் சமைக்கவே தெம்பு இருக்காது. சில வருடம் ஐந்து வீட்டிலிருந்து வரும், சில வருடம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வேறு யாராவது கொடுத்திருப்பார்கள் என்று நினைத்து யாருமே கொண்டுவரமாட்டார்கள், அப்போது ரசமும் முட்டையும்.

கடலோர அக்கா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அதிரசம் பங்கு போட்ட கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ அங்க மொத்தம் எத்தனை பேருன்னு கேளு" என்கிறார். வெளியே வந்தவளே, அந்த மத்தியான நேரத்தைப் பற்றி எழுதினதற்குத் தனியாக நன்றி, அதை மட்டும் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.

சிஸ்டர், முந்திரிக்கொத்து கொண்டுபோகலாமா? எந்தத் தேதி போனால் தொந்தரவு இல்லாமல் இருக்கும்?

இன்னொரு சிஸ்டர்:

தாராளமாகக் கொண்டுபோங்கள், ஆனால் முதலில் நவகன்னியர் பொறுப்பு சிஸ்டருக்கு ஒரு போன் போட்டு, வரலாமா, எத்தனை பேருக்குக் கொண்டுவரலாம் என்று கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் பெற்றோரைப் பார்க்க மாதத்தில் குறித்த ஞாயிறு உண்டு. 24, 25 வேண்டாம், 28 அவர்களுக்குள்ளேயே நடக்கிற நாள், அன்றைக்கும் வேண்டாம். 29, 30 வாக்கில் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 31 இரவு நன்றி வழிபாடும் ஆராதனையும் இருக்கும், புத்தாண்டுக்கு ஒவ்வொருவருக்கும் அந்த வருடத்துப் பாதுகாவலராக ஒரு புனிதரைச் சீட்டில் எடுக்கிற வழக்கம் சில மடங்களில் உண்டு, அதனால் அதற்குள் போய்வந்துவிடுங்கள்.

மடத்தில் வயதான சிஸ்டர்கள் இருந்தால் சர்க்கரை வியாதிக்காரர்கள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்கென்று கொஞ்சம் காரச்சேவு, தட்டை மாதிரி ஏதாவது தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். தங்கைக்கென்று தனியாக ஏதாவது கொடுக்க ஆசை என்றால் கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள், அதைப் பங்கு போட முடியாது. பணம் கொடுப்பதானால் மதரிடம் கொடுங்கள், அவள் கையில் திணிக்காதீர்கள், அவளுக்குத்தான் சங்கடம். சத்தமாக அழாமல் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன், மடத்துப் பார்லரில், அதாவது பார்வையாளர் அறையில், அழாத அம்மா கிடையாது.

பாளை அண்ணன்:

ஒரு சின்ன விஷயம். முத்துநகர் ரயில் நடுராத்திரிக்கு மேல்தான் திருச்சி போய்ச் சேரும், அம்மாவையும் பலகார டின்னையும் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் விடிய விடிய உட்காராதீர்கள். மதுரை போய் அங்கிருந்து பகல் பஸ் மாறினால் நிம்மதி. திரும்பி வருகிற அன்றைக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் போட்டு வையுங்கள், அந்த வாரம் ஊருக்குப் போகிற கூட்டம் தாங்காது.